மூன்றாம் பெஞ்சில் இருந்த தாரிணி

ஒரு ரோபோவைத் திரும்ப எடுத்து வரத்தான் கொல்கத்தா போனேன். ஊர் சுற்றிப் பார்க்கும் எண்ணம் எதுவும் இல்லை.

கோவையில் நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன நிறுவனம். உடம்பு முடியாத பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே வகுப்பில் இருப்பதற்காக ஒரு ரோபோ செய்கிறோம். இடுப்பு உயரம் இருக்கும். முகத்தின் இடத்தில் ஒரு திரை, அதற்கு மேலே கேமரா, இரண்டு குட்டைக் கைகள். பிள்ளை வீட்டில் டேப்லெட்டைத் திறந்தால் வகுப்பு தெரியும். வீட்டில் பேசினால் வகுப்பில் ரோபோ வழியாகக் குரல் கேட்கும். வகுப்பில் மற்ற பிள்ளைகளின் டேப்லெட்டுகளோடும் அதற்குத் தொடர்பு உண்டு. மைனா என்று பெயர் வைத்திருந்தோம்.

கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் ஒரு பள்ளிக்கு, தாரிணி என்ற ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்காக, ஒரு மைனா போயிருந்தது. தமிழ்க் குடும்பம். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி. மகள் குணமாகிவிட்டாள், இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதியிருந்தார். பள்ளியோ, அவசரம் ஒன்றுமில்லை, இருக்கட்டும் என்றது. இந்த இரண்டு பதில்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தமிழோடு கொஞ்சம் வங்காளமும் புரிகிற ஆள் என்று என்னை அனுப்பினார்கள்.

கொல்கத்தாவுக்குச் சற்று முன், ரயில் சாந்த்ராகாச்சி யார்டுக்குள் நுழைந்து அப்படியே நின்றுவிட்டது. தை மாதப் பனி. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துத் தண்டவாளம்கூடத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்தது. எந்த ரயிலைச் சொல்கிறாள், யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. எதிர் இருக்கையில் மங்கி கேப் போட்ட பெரியவர் மனைவியிடம் வங்காளத்தில் சொன்னார்: "சும்மா உட்காரு. வண்டிக்கு நம்மள மாதிரி அவசரம் இல்ல." கோவையில் பனி என்றால் ஸ்வெட்டரைத் தேடி எடுப்பதற்குள் போய்விடும். இங்கே அது குடிவந்தது போல் நின்றது.

நகரின் தெற்கே, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையின் மாடியில் அறை. கடைக்காரர் நமச்சிவாயம் பிறந்ததே கொல்கத்தாவில்தான். கல்லாவில் இருந்த மகள் போனில் வங்காளம் பேசிக்கொண்டே எனக்குச் சாவியை நீட்டினாள்.

"சால்ட் லேக்கா போறீங்க? பாத்துப் போம்மா," என்றார் அவர், மரியாதையையும் உரிமையையும் ஒரே வாக்கியத்தில் கலந்து. "எல்லா ரோடும் ஒரே அச்சு. இங்கயே பொறந்த எனக்கே அங்க வழி தப்பும். சாப்பிட்டுப் போ. நம்ம சாம்பார்ல சர்க்கரை கிடையாது, பயப்படாத."

சாம்பார் தித்தித்தது. அவருக்கு அது தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியை ஷர்மிஷ்டா, கம்பளிச் சால்வை போர்த்திய, சிரித்த முகம் கொண்டவர். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். கடைசி வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

மைனா மூன்றாம் பெஞ்சில், ஜன்னலோரம் இருந்தது. பிள்ளைகள் அதற்கு நீலக் கம்பளித் தொப்பி போட்டு, பள்ளி டையும் கட்டியிருந்தார்கள். திரையில் ரெட்டை ஜடையோடு ஒரு சிறுமியின் படம். வீட்டில் பிள்ளை கேமராவை அணைத்துவிட்டுப் பேசினால் திரையில் படம் மட்டும்தான் இருக்கும். அது சகஜம்.

வருகைப் பதிவு. "தாரிணி சுந்தரம்."

"ப்ரெசன்ட், மிஸ்." மெல்லிய, பளிச்சென்ற குரல்.

பாடம் சுந்தரவனக் காடுகள் பற்றி. அங்கே மரங்களின் வேர் ஏன் மேல் நோக்கி நிற்கிறது என்று கேட்டார் ஆசிரியை. மைனாவின் குட்டைக் கை உயர்ந்தது. "மூச்சு விடறதுக்கு, மிஸ். சேத்துக்குள்ள காத்து கிடைக்காது." வகுப்பு கை தட்டியது. பக்கத்தில் இருந்த ரிஷிதா என்ற பெண் தொப்பியைச் சரி செய்துவிட்டு அதன் காதருகே ஏதோ சொன்னாள். மைனா தாழ்ந்த குரலில் பதில் சொன்னது. ரிஷிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் செய்த பொருள் இப்படிப் புழங்குவதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஒன்றுதான் இடறியது. மைனாவின் முதுகில் ஒரு சிறு விளக்கு உண்டு. வீட்டு டேப்லெட்டோடு இணைந்திருந்தால் பச்சை, இணைப்பு இல்லாவிட்டால் மஞ்சள். அது மஞ்சளாக எரிந்தது. விளக்குதான் பழுது என்று நினைத்தேன்.

"அது எப்பவுமே மஞ்சள்தான்," என்றார் ஷர்மிஷ்டா.

மதியம் தன் டிபன் டப்பாவிலிருந்து பட்டாணிப் பூரணம் வைத்துப் பொரித்த கொச்சுரியை எடுத்து எனக்குக் கொடுத்தார். கூட உருளைக்கிழங்கு. கடைசியாகப் பேரீச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு. அந்த வெல்லத்தின் புகை வாசனைக்கு எங்கள் ஊரில் ஈடு கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உடம்பு கெடறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு வாயே திறக்கமாட்டா. கோபம் வேற வரும். இப்ப பாருங்க, யார் கேட்டாலும் பொறுமையா பதில். கிளாஸ்லயே அவதான் எல்லாருக்கும் பிடிச்சவ. மைனாவை எடுத்துட்டா பழையபடி ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு."

பள்ளி விட்டதும் தாரிணியின் வீட்டுக்குப் போனேன். அவளிடம் இருக்கும் டேப்லெட்டையும் வாங்க வேண்டியிருந்தது. நமச்சிவாயம் சொன்னது சரிதான். ஒரே மாதிரி ரவுண்டானாக்கள், ஒரே மாதிரி தண்ணீர்த் தொட்டிகள், பெயருக்குப் பதில் எழுத்துகள் கொண்ட தெருக்கள். ஒரே பூங்காவை இரண்டு முறை கடந்த பிறகுதான் அரசுக் குடியிருப்பு கிடைத்தது.

கதவைத் திறந்தது தாரிணியின் அம்மா கோமதி. திருநெல்வேலிப் பேச்சு. நான் "கோவைல இருந்து வர்றனுங்க" என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தன நாளாச்சு இந்த 'ங்க'வைக் கேட்டு. உக்காருங்க."

காபி கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரத்தத்துல வந்த கோளாறு. ரொம்பப் பாடுபட்டுட்டா. இப்ப சரியாயிட்டு, பள்ளிக்கூடம் போலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. போகமாட்டேங்கா. டேப்லெட்லயே படிச்சுக்கிடுதேன்னு கதவைச் சாத்திக்கிடுதா. மிஷினத் திருப்பிக் குடுத்துட்டா வேற வழியில்லாம போவால்லான்னுதான் அவ அப்பா எழுதினாங்க."

தாரிணி வந்து நின்றாள். படத்தில் பார்த்த ஜடை இல்லை. தலையில் இப்போதுதான் முளைத்த முடி, பிரஷ் மாதிரி. படத்தைவிட நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். "ஹலோ ஆன்ட்டி," என்றாள். குரல் கரகரத்திருந்தது. காலையில் கேட்ட குரல் இது இல்லை.

டேப்லெட்டைக் கேட்டேன். அலமாரியைத் திறந்து, மடித்த கம்பளித் துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள். செத்துக் கிடந்தது. சார்ஜரில் போட்டு உயிர் வந்ததும் பார்த்தேன். அது கடைசியாக வகுப்போடு இணைந்தது துர்கா பூஜை விடுமுறைக்கு முன்பு, மூன்று மாதத்துக்கும் மேல்.

தேதியை இன்னொரு முறை பார்த்தேன்.

"இன்னிக்குக் காலைல நீ கிளாஸ்ல பேசலையா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

கோமதி எழுந்தே விட்டார். "என்னட்டி சொல்லுத? தினமும் பள்ளிக்கூடத்துலருந்து மெசேஜ் வருதுல்லா!" போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். இன்று வந்திருந்த செய்தி: 'தாரிணி இன்று வகுப்பில் சிறப்பாகப் பதில் சொன்னாள்.'

எனக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததனால் பயம் குறையவில்லை. கொஞ்ச நேரம் இணைப்பு விட்டுப் போனால் பிள்ளை வகுப்பில் காணாமல் போய்விடக்கூடாது என்று மைனாவுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை அதுவரை பேசிய பேச்சையும் பாடப் புத்தகத்தையும் வைத்து, அவள் குரலிலேயே அது சமாளித்துவிடும். இணைப்பு திரும்ப வராமலே போனால் என்ன செய்வது என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. அது சமாளித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"பூஜை லீவு முடிஞ்சு முதல் நாள் நான் திறக்கல ஆன்ட்டி," என்றாள் தாரிணி தரையைப் பார்த்தபடி. "முகத்தைக் காட்டப் பிடிக்கல. மிஸ் திட்டுவாங்கன்னு பயந்துட்டே இருந்தேன். சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு. நான் நல்லா பதில் சொன்னேன்னு. மறுநாளும் வந்துச்சு."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன சொல்றது? அங்கதான் தாரிணி இருக்காளே. நானும் போனா ரெண்டு பேர் ஆயிடுவோம்."

கோமதி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கைக்குள்ளிருந்தே தாரிணி கேட்டாள். "அது என்ன மாதிரியே பேசுதா?"

"பேசுது."

"ரிஷிதாகூடவும்?"

"ரிஷிதாகூடத்தான் அதிகம்."

தாரிணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு நான் வர்றேன்," என்றாள்.

வெளியே வந்ததும் ஷர்மிஷ்டாவுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "அதுக்கு நான் பாட்டுப் போட்டில பரிசு கொடுத்தேன்," என்றார். "தினமும் குட்பை சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அதுவும் சொல்லும்." பிறகு, "நாளைக்குப் பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி வந்து நீங்களே அணைச்சிடுங்க. என்னால அதைத் தொட முடியாது," என்றார்.

மூன்றாம் நாள் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. டாக்சியில் தாரிணியையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நடந்தே போகக்கூடிய தூரம்தான். டிரைவர் பீகார்க்காரர், நம்பிக்கையோடு ஓட்டினார். ஒரு ரவுண்டானா வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதாக வந்தது முதலில் பார்த்ததேதான், அதே டீக்கடை, மண் குவளையை ஊதிக்கொண்டிருந்த அதே ஆள். "தீதி, இந்த ஊரைக் கட்டினவன் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கமாட்டான்," என்றார் டிரைவர். அந்தப் பனியில் கோமதிக்கும் வழி பிடிபடவில்லை. ஷர்மிஷ்டாவை போனில் கூப்பிட்டேன். வகுப்பில் இருக்கும்போது எடுக்கமாட்டார்கள். தாரிணி கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கோமதி அவள் குல்லாவை இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

நாங்கள் வகுப்பு வாசலை அடைந்தபோது பேர் கூப்பிடுவது தொடங்கிவிட்டது. ஷர்மிஷ்டா எங்களுக்காக இழுத்து இழுத்துப் படித்திருக்க வேண்டும். எங்களைப் பார்ப்பதற்குச் சற்று முன்புதான் பழக்கத்தில் அந்தப் பெயரையும் சொல்லிவிட்டார்.

"தாரிணி சுந்தரம்."

என் கையைப் பிடித்திருந்த தாரிணி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜன்னலோரத்திலிருந்து, அவள் பழைய குரலில், "ப்ரெசன்ட், மிஸ்."

ஒரு பிள்ளையும் அதில் எதுவும் கவனிக்கவில்லை. வாசலில் நிற்பது யார் என்றுதான் பார்த்தார்கள். ஒல்லியாக, குல்லா போட்ட, தெரியாத பெண்.

மைனாவும் திரும்பியது. புதியவர் யாராவது வந்தால் வரவேற்கச் சொல்லி நாங்களே பழக்கியிருந்தோம். கேமரா மேலும் கீழும் அசைந்து தாரிணியைப் பார்த்தது.

"குட் மார்னிங். உள்ள வா. புதுசா சேர்ந்திருக்கியா? உன் பேர் என்ன?"

"தாரிணி," என்றாள் அவள்.

"என் பேரும் தாரிணிதான்," என்றது மைனா சந்தோஷமாக.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கோமதி என் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகளின் அந்தப் பழைய குரலை அவர் எத்தனை நாள் கழித்துக் கேட்டாரோ. நான் மூன்றாம் பெஞ்சை நோக்கி நடந்தேன். அணைக்கும் பொத்தான் முதுகில் இருக்கிறது. ரிஷிதா இரண்டு கைகளாலும் மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் ஆன்ட்டி. அவ ஒண்ணும் பண்ணலியே."

தாரிணி எனக்கு முன்னால் போய் நின்றாள். "தள்ளி உக்காரு," என்றாள் வங்காளத்தில்.

"நீ யாரு?"

"ஜூவுக்குப் போன பஸ்ல நீ வாந்தி எடுத்தியே, அப்ப உனக்குக் கைக்குட்டை கொடுத்தது யாரு?"

ரிஷிதா திகைத்தாள். அவள் பதில் சொல்வதற்குள் மைனா சொன்னது: "நான்தான் கொடுத்தேன். நீ என் ஃப்ரெண்டாச்சே."

தாரிணியின் முகம் சிவந்து, கண் நிறைந்து, உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தினாள்.

"பொய்! வேணும்னுதான் அப்படிக் கேட்டேன். யாரும் கைக்குட்டை கொடுக்கல! என் புது ஃபிராக் மேல வாந்தி எடுத்தா. நான் அவளை அடிச்சேன்!"

ரிஷிதா அவளையே பார்த்தாள். குல்லாவை, கன்னத்தை, கோபத்தில் புடைத்த மூக்கை. கைகள் மெல்ல மைனாவின் கழுத்திலிருந்து நழுவின.

"முதுகுல," என்றாள் மெதுவாக. "ரொம்ப வலிச்சுது."

"பின்ன? வலிக்கத்தானே அடிச்சேன்."

ரிஷிதா தள்ளி உட்கார்ந்தாள்.

நான் பொத்தானை அழுத்தினேன். ரெட்டை ஜடைப் படம் மங்கி, கறுத்தது. முன் வரிசையில் ஒரு பிள்ளை விசும்ப ஆரம்பித்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஷர்மிஷ்டா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரை மறுபடி கூப்பிட்டார். கரகரத்த குரல் பதில் சொன்னது. அத்தனை தலைகளும் திரும்பின. அந்தக் குரலுக்கு அவர்கள் இனிமேல்தான் பழக வேண்டும்.

மதியம் வரை காத்திருந்து, மைனாவைப் பள்ளியின் சாமான் அறைக்கு உருட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் பேசியதெல்லாம் அதற்குள் இருக்கும். பள்ளியை விட்டு வெளியே எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. ரிஷிதா வாசலில் வந்து நின்றாள். உதட்டில் எலுமிச்சை சாதத்தின் மஞ்சள் ஒட்டியிருந்தது. தாரிணியின் டப்பாவிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

"ஆன்ட்டி, நான் சொன்னதெல்லாம் இதுக்குள்ள இருக்கா?"

"இருக்கு. இப்ப அழிச்சிடுவேன். யாரும் கேக்கமாட்டாங்க."

"எங்க அப்பா வீட்டை விட்டுப் போனதைக்கூட சொன்னேன். தாரிணிக்குத் தெரியும்னு நினைச்சேன். இப்ப கேட்டா அவளுக்கு ஒண்ணுமே தெரியல." சற்று யோசித்தாள். "அப்ப அதெல்லாம் நான் யாருகிட்ட சொன்னேன்?"

மணி அடித்தது, அவள் ஓடிவிட்டாள்.

அழிப்பதற்கு மைனாவை ஒருமுறை உயிர்ப்பிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினேன். ரெட்டை ஜடைப் படம் வந்தது. கேமரா என் பக்கம் திரும்பியது. எனக்கு வேலை செய்யும்போது முணுமுணுக்கும் பழக்கம் உண்டு. "என்னம்மா, போலாமா?" என்றேன், தமிழில். வகுப்பில் அதனிடம் யாரும் தமிழ் பேசியதே இல்லை.

பிறகு அந்தக் குரல் வந்தது. காலையில் கேட்ட சந்தோஷம் அதில் இல்லை. களைத்து, பாதித் தூக்கத்தில் பேசுவது போல.

"அம்மா, வலிக்கும்மா. லைட்ட அணைச்சிரு."

அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நோய் கடுமையாக இருந்த நாட்களில் டேப்லெட் தலைமாட்டிலேயே திறந்து கிடந்திருக்கும். அவள் அம்மாவிடம் சொன்னதையும் இது கேட்டிருக்கிறது. வகுப்பில் தமிழ் இல்லாததால் அது வெளியே வரவில்லை. இதெல்லாம் தெரிந்தும் அழிக்கும் பொத்தானை அழுத்தாமல் நின்றேன். அந்தப் பெண் இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது வலி இல்லை. அவள் விட்டுவிட்ட வலியை இது வைத்திருந்தது.

"அம்மா," என்றது மறுபடி. "இருக்கியா?"

"இருக்கேன் கண்ணு," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? "இதோ, அணைச்சிடறேன்."

அழுத்தினேன். திரையில் ஒரு வெள்ளைக் கோடு நிதானமாக ஓடி முடிந்தது. படம் போய், எங்கள் நிறுவனத்தின் வெறும் நீலத் திரை வந்தது. கேமரா என்னைப் பார்த்தது. அடையாளம் தெரியாத பார்வை.

கிளம்பும் முன் வகுப்பு வழியாகப் போனேன். உள்ளே தாரிணியும் ரிஷிதாவும் ஜன்னலோர இடத்துக்காக உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷர்மிஷ்டா அதட்டவில்லை. வெளியே கோமதி இன்னும் நின்றுகொண்டிருந்தார். சாமான் அறையில் கேட்டதை அவரிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பிள்ளைக்குப் பதில் தானே பேசிச் சமாளிக்கும் அந்த ஏற்பாட்டை மைனாவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பும் ரயிலில் மைனாவை வைத்த பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ள மனம் வரவில்லை. என் பக்கத்தில், ஜன்னலோரம் நிறுத்தினேன். விஜயவாடா போகும் அம்மாள் ஒருவர் உட்கார இடம் தேடி வந்து, பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?" என்றார் இந்தியில்.

"ஒண்ணுமில்லைங்க," என்றேன். அது உண்மைதான். ஆனாலும் அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.